பின்கண்ணாடியில் ஒட்டிய நூல்கள்

நான் நான்காவது படிக்கும்போது, அப்பாவின் தங்கை பெங்களூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஆம்பூருக்கு வந்து இறங்கினாள். புது விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் இடத்தில் அத்தைக்கு வேலை. வந்தவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

காற்று போகும் வழியைக் காட்ட, இறக்கைமேல் கம்பளி நூல்களை ஒட்டிப் பறக்கவிட்டுப் படம் பிடிப்பார்களாம். ஓரிடத்தில் நூல்கள் முன்பக்கமாகத் திரும்பிக் கிடந்ததை அத்தை பார்த்திருக்கிறாள். அங்கே காற்று பிய்ந்து திரும்பிச் சுழல்கிறது, ஆபத்து என்று சொன்னதற்கு, உன் கண்ணில்தான் கோளாறு, லீவு போட்டுப் போ என்றாராம் அதிகாரி.

"அதே பிளேன்ல மறுபடியும் ஏறப்போறாங்கண்ணா. பைலட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அப்பா அதிகாரி கட்சி. "வண்டி முன்னால போனா நூலு பின்னாலதாம்மா பறக்கும். இதுல இன்னா சந்தேகம்?"

அத்தை என் பழைய சிவப்பு ஸ்வெட்டரைப் பிரிக்க ஆரம்பித்தாள். அம்மா தான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் நூலைக் கொண்டுவந்து நீட்டினாள். "அது வெறப்பா நிக்கும் அண்ணி" என்று அத்தை மறுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை நூலை வெட்டி ஒட்ட ஒட்ட, அப்பாவின் வாடகைக் காருக்கு உடம்பெல்லாம் சிவப்பு வால் முளைத்தது. திருஷ்டிக்கா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்க, அப்பா ஆமாம் என்று சொல்லித் தப்பித்தார்.

"நான் பாத்தா நான் நெனச்சதுதான் எனக்குத் தெரியும். நீ பாத்துச் சொல்லு பாப்பா" என்று அத்தை முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

பள்ளிகொண்டா போகும் ரோட்டில் அப்பா வேகமெடுத்தார். நான் பின்சீட்டில் முட்டிபோட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிக்கிமேல் இருந்த நூல்கள் என் பக்கமாக நீட்டிப் படுத்தன. கண்ணாடிமேல் இருந்தவை கூரையைப் பார்த்து ஏறின. கார் ரிவர்ஸில் போகிறதோ என்று பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். புளியமரங்கள் ஒழுங்காகப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தன.

"இன்னாடி தெரியுது?" என்றார் அப்பா.

"எல்லாம் நம்மளப் பாத்து வருதுப்பா. ராங்கா இருக்குது."

"சரியாப் பாரு."

"நெஜமாப்பா!"

அப்பா நடுக்கண்ணாடியில் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அத்தை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

லீவு மிச்சமிருந்தும் சாயங்கால பஸ்ஸுக்கே அத்தை கிளம்பினாள். "போய்ச் சொல்றேண்ணா. கேக்குற வரைக்கும் சொல்றேன்" என்றாள். ஏறும்முன் என் கன்னத்தை வலிக்கக் கிள்ளினாள்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டதால்தான் அத்தை அழுதாள், கோபித்துக்கொண்டு ஊருக்கும் போய்விட்டாள் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.