அறுநூறு எம்.எம். தூரத்தில் ஒரு தாய்மாமன்

ஹட்டன் பஸ் நிலையத்தில் முத்துலிங்கத்துக்குப் பயப்படாத டிரைவர் கிடையாது. அவர் அங்கே டைம் கீப்பர். பொகவந்தலாவை பஸ் கொஞ்சம் தாமதித்துக் கிளம்பினாலும் தம்முடைய கூண்டுக்குள் இருந்து தலையை நீட்டி, சிங்களத்தில் பாதியும் தமிழில் மீதியுமாக ஏசித்தான் அனுப்புவார். ஊரையெல்லாம் நேரத்துக்கு அனுப்பி வைக்கிற அந்த மனிதர், தாம் போய் நிற்க வேண்டிய ஒரே ஓர் இடத்தில் நேரத்துக்கு நிற்காமல் போனார். அதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய லென்ஸ் வியாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கத்தாருக்கு வேலைக்குப் போன ஒருவர் விட்டுச் சென்ற கேமராவை அவர் வாங்கியபோது அதில் ஒரு சின்ன லென்ஸ் இருந்தது. பிள்ளைகளை எடுத்தார், கோயில் திருவிழாவை எடுத்தார், எல்லாம் நன்றாகத்தான் வந்தன. ஒருநாள் சிங்கமலைக்கு மேலே வட்டமடித்த ஒரு கழுகை எடுத்தார். வீட்டில் கொண்டுவந்து மனைவி லோஜினியிடம் காட்டினார். அவள் முன்பள்ளியில் ஆசிரியை. நாலு வயதுப் பிள்ளைகளின் கிறுக்கல்களையே யானை, பூனை என்று கண்டுபிடிக்கிறவள். அவளுக்கே இது பிடிபடவில்லை.

"லென்ஸுல தூசி ஒட்டியிருக்குங்க. தொடைச்சிட்டு எடுங்க" என்றாள்.

அன்றைக்குத் தொடங்கியது. இருநூற்றைம்பது எம்.எம். லென்ஸ் வந்தது, தூசி ஈயாகியது. முந்நூறு வந்தது, ஈக்கு இறக்கை தெரிந்தது. நானூறு வந்தபோதுதான் அது கழுகே இல்லை, காகம் என்று தெரிந்தது. வேறு ஆளாக இருந்தால் அத்தோடு கேமராவை மூடிவைத்திருப்பார். முத்துலிங்கமோ, நல்ல லென்ஸ் இருந்ததால்தானே உண்மை தெரிந்தது என்று தம்மையே பாராட்டிக்கொண்டு அறுநூறைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யூடியூபில் எவனோ ஒருவன் நிலாவின் குழிகளை எண்ணிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழம்பு ஆறிப்போகும்.

கடைக்காரன் ஆசை காட்டிக் கெடுத்துவிட்டான் என்று சொல்வதற்கும் வழியில்லை. ஹட்டன் பஜாரில் கேமராக் கடை வைத்திருக்கும் ராசிக் நானா, வியாபாரத்துக்கே பொருத்தமில்லாத நல்ல மனிதர்.

"தம்பி, இத வாங்கி என்ன செய்யப் போறீங்க? நம்ம ஊர்ல பாதி நாளு பனி. பனிய கிட்டத்துல பாக்கவா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லச் சொல்லத்தான் முத்துலிங்கத்துக்கு ஆசை கூடியது. அந்த அறுநூறு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பால்சோறு ஆக்கும் பானை அளவுக்கு உட்கார்ந்திருந்தது. கையில் இருந்த நானூறு லென்ஸை மாற்றுக்குக் கொடுத்தார். அது போதவில்லை. முதல் நாளிலிருந்து கூட இருந்த சின்ன லென்ஸையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத வச்சிக்கங்க தம்பி. வீட்ல ஒரு விசேசம் கிசேசம் வந்தா என்னத்தால எடுப்பீங்க?"

"பின்னுக்குத் தள்ளி நின்னு எடுத்தா சரிதானே நானா. இந்தச் சின்னத இப்ப யாரு பாவிக்கிறா?"

லோஜினியிடம் சின்ன லென்ஸ் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவைத்தார். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கையில்தான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தங்கை சண்முகவடிவின் அழைப்பு வந்தது. அவளுடைய மகள் சுலக்ஷனா பெரியவளாகியிருந்தாள். சடங்குக்கு நாள் குறித்தாகிவிட்டது.

வடிவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த ஓர் அண்ணன்தான். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அவள் கணவன் செல்லசாமி சாது. ஆனால் அவனுடைய அக்கா சாது இல்லை. சுலக்ஷனாவின் காதுகுத்துக்கு முத்துலிங்கம் கடமை முடிந்து பிந்திப் போனதை அந்த அம்மா இன்னும் மறக்கவில்லை. வாய் திறந்தால், "எங்க வடிவுக்கு அண்ணன் இருக்காரு, பஸ்ஸுக்குத்தான் இருக்காரு" என்பாள். சடங்கிலோ தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நகராது. மாமன்தான் சீர்த்தட்டுகளுக்கு முன்னால் நடந்து வந்து பிள்ளைக்கு முதல் மாலை போட வேண்டும். அந்த மாலை விழுந்த பிறகுதான் மற்றவர்கள் நலங்கு வைக்கலாம்.

"அண்ணே, இந்தத் தடவ நீ மொத ஆளா வந்து நிக்கணும். அந்தப் பொம்பளைக்கு முன்னுக்கு என்னயத் தலைகுனிய வச்சிறாத" என்றாள் வடிவு போனில்.

"முந்தின நாளே வந்துருவேன். ஸ்டூடியோக்காரனுக்கும் சொல்லாத. போட்டோவெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார் அண்ணன்.

சொன்னபடியே லோஜினியோடு முந்தின நாளே போனார். பட்டுச்சேலை, வளையல், பழங்கள், இனிப்பு என்று குறையில்லாத சீர். ஹட்டன் மார்க்கெட்டில் பூக்காரனோடு மல்லுக்கட்டி ரோசாப்பூ கூட வைத்துக் கட்டிய பெரிய மாலை. செல்லசாமியின் அக்காளுக்கே குறை சொல்ல இடமில்லாமல் போனது. வடிவு அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

விடிந்தது. லயத்து வரிசை வீட்டு வாசலில், பள்ளத்தைப் பார்த்தாற்போல் முன்பக்கம் திறந்த பந்தல். சுலக்ஷனா சேலை கட்டி மணையில் வந்து உட்கார்ந்தாள். முத்துலிங்கம் லென்ஸை முடிந்தமட்டும் அகலமாகத் திருகி, கேமராவைக் கண்ணில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸ் எதையும் தெளிவாகக் காட்டாது. கொஞ்சம் பின்னால் போனார். மூக்குத்தி தெரிந்தது. இன்னும் பின்னால் போனார். மூக்கு முழுதாகத் தெரிந்தது. சோற்றுக் கிடாரத்தில் முதுகு இடித்து, சமையல்காரர் அகப்பையை ஓங்க, அங்கிருந்தும் பின்னால் போனார். முகம் வந்தது. வாசல் முடிந்து படி இறங்கினார். ஒரு கால் சாக்கடைக் கானுக்குள் போய் வந்தது. யாருடைய லீக்ஸ் பாத்தியையோ மிதித்துக் கடந்தார். மணையும் குத்துவிளக்கும் வந்தன, பக்கத்தில் நிற்பவர்கள் வரவில்லை. மனிதருக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஓடைப் பாலத்தைத் தாண்டி எதிர் மலையில் ஏறி, தேயிலைக்கு நடுவே ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

அடடா, என்ன காட்சி. பந்தல் முழுவதும் அப்படியே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. திருகினால் ஒவ்வொரு முகமும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. யார் வெற்றிலை போடுகிறார்கள், யார் யாருடைய சேலையை நோட்டம் விடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. கீழே ஓடை இரைந்துகொண்டிருந்ததால் சத்தம் மட்டும் கேட்கவில்லை. தாம் எங்கே இருக்கிறோம் என்று ஒருவரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை என்பது அவர் நினைவில் இல்லை. போனையும் சட்டைப்பையில் கனக்கிறது என்று காலையிலேயே லோஜினியின் கைப்பைக்குள் போட்டிருந்தார்.

வரிசையாக எடுத்துத் தள்ளினார். அடுத்தது மாமன் மாலை போடுகிற படம். தெரிந்தவர்கள் வீட்டுச் சடங்குகள் எத்தனையோ எடுத்திருக்கிறார். ஆல்பத்தில் எல்லோரும் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான். கேமராவைச் சரிபண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சீர்த்தட்டோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவில்லை. முன்னால் நடக்க வேண்டிய ஆளைக் காணவில்லை. செல்லசாமி வெளியே ஓடி எட்டிப் பார்த்தான். நாலைந்து பேர் ரோட்டுப் பக்கம் போய்த் திரும்பி வந்தார்கள்.

முத்துலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது. 'இந்த மாமன்மாரே இப்படித்தான்' என்று முணுமுணுத்தார். 'நல்ல நாளும் அதுவுமா எங்கயாவது போத்தலோட ஒதுங்கியிருப்பானுங்க. பொறுப்பில்லாத ஜென்மங்க.'

காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று லென்ஸைத் திருகி வடிவின் முகத்தைக் கொண்டுவந்தார். அவள் கையை நெற்றியில் வைத்து ரோட்டைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டைப் பார்த்தாள். பின்னால் யாரோ ஏதோ சொல்ல, உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கண்ணோரத்தில் நீர் கட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. மூடுபனி இன்னும் இறங்கவில்லை, வெளிச்சம் பதமாக இருந்தது. முத்துலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அவ்வளவு துல்லியமான படத்தை அவர் அதுவரை எடுத்ததில்லை.

அந்தச் சந்தோசத்தோடு லென்ஸைப் பக்கத்தில் நகர்த்தினார். லோஜினி நின்றாள். ஒரு கையில் தட்டு, தட்டில் மாலை. எங்கேயோ பார்த்த மாலை மாதிரி இருந்தது. ரோசாப்பூ கூட வைத்துக் கட்டியிருந்தது. இன்னொரு கையில் அவருடைய போன் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

பிடரியில் யாரோ ஓங்கி அறைந்ததுபோல இருந்தது முத்துலிங்கத்துக்கு.

அவர் மலை இறங்கியதை நடை என்றும் சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. பாதித் தூரம் உட்கார்ந்தபடியே வந்தார். லென்ஸ் நெஞ்சில் இடித்தது, வயிற்றில் இடித்தது, ஒருமுறை தாடையிலும் இடித்தது. ஆசை ஆசையாக வாங்கிய சாமான் தம்மை வழியெல்லாம் அடித்துக்கொண்டே கூட வருவதை யோசிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. பாலத்தைத் தாண்டி, லீக்ஸ் பாத்தியை இரண்டாம் தடவையும் நாசம் பண்ணி, படிக்கட்டில் ஏறும்போது பேச்சுக்குரல் கேட்டது.

"நல்ல நேரம் போயிக்கிட்டே இருக்கு வடிவு" என்றது செல்லசாமியின் அக்கா குரல். "ஒன்னுவிட்ட அண்ணன் ஒருத்தரு நிக்கிறாருல்ல. அவரு கையால போட்டு முடிச்சிருவோம். எத்தன நாளைக்குத்தான் இந்த மனுசன நம்புறது?"

"எங்கண்ணன் வந்துருச்சி. இங்கதான் எங்கயோ இருக்கு" என்றாள் வடிவு. "அது வர்ற நேரந்தான் எம்மகளுக்கு நல்ல நேரம். வேற யாரும் போட வேணாம்."

முத்துலிங்கம் சேறு பூசிய வேட்டியோடு பந்தலுக்குள் போய் நின்றார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. லோஜினி மாத்திரம் தட்டை அவர் கையில் திணித்து, "எங்க போயிருந்தீங்க, கொழும்புக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

தட்டு வரிசை நகர்ந்தது. அவர் குனிந்து மாலையைப் போடப் போக, கழுத்தில் தொங்கிய லென்ஸ் சுலக்ஷனாவின் நெற்றிச்சுட்டியில் போய் மாட்டியது.

"மாமா, அந்தக் கொழாயக் கழட்டி வச்சிட்டுப் போடுங்க மாமா" என்றாள் பிள்ளை. பந்தலே சிரித்தது. செல்லசாமியின் அக்காளும் சிரித்தாள் என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முத்துலிங்கம் கேமராவைக் கழற்றி மணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மருமகளுக்கு மாலை போட்டார். காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சாயந்தரம் கூட்டம் கலைந்தது. வடிவு பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க போயி நின்ன, காட்டு பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் தீர்ந்த முகமாகத்தான் இருந்தது. அவர் கேமராவைக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மாமன் மாலை போடுகிற படம் அதில் இல்லை. எடுக்க வேண்டிய ஆள் மாலையைக் கையில் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? எதிர் வீட்டுப் பையனின் போனில் மங்கலாக ஒன்று விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசிப் படத்தில் அவள் கை நின்றது. அவளுடைய முகம்தான். இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணோரத்து நீரும் தெரிந்தது.

கேமராவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இம்புட்டுக் கிட்டத்துல என்னயப் பாத்துக்கிட்டா இருந்த?" என்று கேட்டாள். "இவ யாரத் தேடுறான்னு ஒனக்குத் தோணவே இல்லியாண்ணே?"

முத்துலிங்கம் கேமராவை வாங்கி அந்தப் படத்தை அழிக்கப் போனார். வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காத. எனக்கு வேணாம், நீ வச்சிக்க" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன பிளேன்டீயை எடுத்துக்கொண்டு வேறு ஊற்றிவர உள்ளே போனாள்.