மாப்பிள்ளைக்குப் பிரசவ லீவு

பினாங்கு குவீன் ஸ்திரீட்டில் ஒரு புடவைக் கடையில் பதினெட்டு ஆண்டுகளாக நின்றே வேலை பார்ப்பவள் சபூரா. அவளுடைய தங்கை நூருல் ஹுதா நார்வேயில் தாதி. ஏழு மாதக் குழந்தையோடும் கணவன் அஃபிக்கோடும் ஊருக்கு வந்தவள், அக்கா வீட்டில்தான் தங்கினாள்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களே, வேலை என்னாச்சு?" என்று சபூரா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"என் பிரசவ லீவு முடிஞ்சு, இப்ப அவரோட லீவு ஓடுது ராத்தா. நான் ஆண்டு லீவுல வந்திருக்கேன். அங்க பிள்ளையோட வாப்பாவுக்கும் மூணு மாசத்துக்கு மேல உண்டுலா. முழுச் சம்பளம். ஆனா வரி நிறையப் பிடிப்பாங்க."

வரி என்றது சபூராவின் காதில் ஏறவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அஃபிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் ஹைக்கல் பிறந்தபோது அவளுக்குக் கிடைத்தது அறுபது நாள். அறுபத்தொன்றாம் நாள் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடும், சட்டை நனையும். கடைக் கழிப்பறையில் பாலைப் பீய்ச்சிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் இத்தனை வித்தியாசமா என்று அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் ஒரு விருந்தில் சலேஹா மாமி, "உன் தங்கச்சி மாப்பிள்ளை என்ன, எப்பவும் பிள்ளையும் கையுமா இருக்காரு?" என்று கேட்டார்.

"வேலை போயிடுச்சு மாமி. வெளிய சொல்லிக்க மாட்டேங்கிறாங்க."

சொன்னதும் சபூராவின் வயிறு குளிர்ந்தது.

இரண்டே நாளில் சொந்தக்காரரான முகம்மது கனி மாமா வீடு தேடி வந்து அஃபிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்கப்படாதீங்க தம்பி. நம்ம நாசி கண்டார் சோத்துக் கடைக்கு ஆள் வேணும்." அஃபிக் ஒன்றும் புரியாமல் விழித்தான். ஹுதாவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் அக்காவின் புடவைக் கடைக்கே வந்து நின்றாள்.

"நீதானே சொன்னே?"

"நான்தான். பொறுக்க முடியல." கழிப்பறையில் பால் பீய்ச்சியதையெல்லாம் சபூரா சொன்னாள்.

"எனக்கு இது தெரியவே தெரியாதே ராத்தா."

"நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்தே."

"உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைச்சா, அது என் தப்பா?"

"இல்ல. அதான் இன்னும் எரியுது."

ஹுதா கைப்பேசியை நீட்டினாள். சபூரா மாமியை அழைத்து, பொறாமையில் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டாள். மாமி திட்டவில்லை. "நெசமாவே லீவா? ஆம்பளைக்கா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஊருக்குக் கிளம்பும்வரை ஹுதா அளந்துதான் பேசினாள். ஆனால் போகும்போது குழந்தையை அக்காவின் கையில் கொடுத்து, கார் வரும்வரை வாங்கிக்கொள்ளவேயில்லை.

இப்போது கடையில் ஐனா என்ற பெண் மாசமாக இருக்கிறாள். சட்டம் மாறிவிட்டதால் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு நாள் லீவு. அவளைப் பார்த்தாலும் சபூராவுக்குப் பொறாமைதான். ஆனாலும் முதலாளியிடம் போய், சரக்கறையில் திரை போட்ட ஒரு மூலையும் ஒரு நாற்காலியும் வேண்டும் என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சபூரா அடுத்த வாரமும் போய்க் கேட்டாள்.