மாமியார் கையில் யோயோ

என் தொடர்கதையில் வரும் மாமியார் பொல்லாதவள். மருமகளைச் சொல்லாலேயே பொசுக்குவாள். மருந்துக்குக்கூடச் சிரிக்க மாட்டாள். அப்படிப்பட்டவளின் கையில் ஓவியர் ஒரு யோயோவைக் கொடுத்துவிட்டார்.

எங்கள் வாரப் பத்திரிகையில் படம்தான் முந்திக்கொள்ளும். வண்ணப் பக்கங்களை முன்கூட்டியே அச்சடித்துவிடுவார்கள். கதை பின்னால் ஓடிப்போய் அதில் தொற்றிக்கொள்ள வேண்டும். ஓவியர் கதையைப் படிக்கும் பாவத்தைச் செய்வதே இல்லை. மாமியார் படம் வேண்டுமென்றால் தன் சொந்த மாமியாரையே எதிரில் உட்காரவைத்து வரைவார். இந்த முறை அந்த அம்மாள் பேரனிடமிருந்து பிடுங்கிய யோயோவோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். மனிதர் அதையும் அச்சு அசலாக வரைந்து அனுப்பிவிட்டார்.

"என்ன சார் இது?" என்று போனில் கத்தினேன்.

"கை எவ்வளவு இயல்பா வந்திருக்கு பாருங்க," என்றார் பெருமையாக.

ஆசிரியரைக் கூப்பிட்டேன். "பக்கம் அச்சாயிடுச்சும்மா. நீங்கதான் எதையாவது எழுதிச் சமாளிக்கணும்," என்றவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இன்னொரு விஷயம். கதை இழுவையா இருக்குன்னு பேச்சு வருது. இந்த வாரமும் எடுபடலன்னா, அடுத்த வாரத்தோட முடிச்சுக்கலாம்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் பிழைப்பு. காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்து எழுதுகிறவள் நான். தொடர் நின்றுபோனால் பழைய அலுவலகத்தின் படியில்தான் போய் நிற்க வேண்டும். அதைவிடக் கொடுமை, எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று அம்மா நினைத்தது சரியாகிவிடும். அம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும், "வீட்லதான் இருக்கா" என்று பேச்சை நறுக்கிவிடுவாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் கணவர் படத்தை உற்றுப் பார்த்தார். "அது யோயோ இல்ல, வெடிகுண்டுன்னு எழுதிடேன்."

"நீங்க முதல்ல போய்க் கடையைத் திறங்க," என்றேன்.

அவர் போனபின் படத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வருடம் பபிள்கம் உறைப் படங்கள், ஒரு வருடம் வாசனை ரப்பர். யோயோ பிடித்த வருடம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. யோயோ மேலே ஏறாமல் கயிற்றின் நுனியிலேயே நின்று சுழல வேண்டும். அதற்குப் பெயர் தூங்க வைப்பது. அது தெரிந்தவர்களுக்கு வகுப்பில் ராஜ மரியாதை. என் யோயோ கடைசிவரை கண்ணை மூடவில்லை. எனக்கு விரல் வீங்கியதுதான் மிச்சம். மதிப்பெண் சரிந்ததும் அம்மா அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம் அவள். அப்பாவே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சலென்று பள்ளியிலிருந்து பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறையில் அம்மா தனியாக நிற்கிறாள், விரலில் என் யோயோ! தட்டிவிட்டாள். அது கீழே போய் நின்று சமர்த்தாகத் தூங்கியது. லேசாகச் சுண்டினாள், கைக்குள் வந்து உட்கார்ந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டு, மெல்ல வாசலுக்குப் போய், செருப்பை உதறிச் சத்தம் போட்டுக்கொண்டு மறுபடி வந்தேன். இன்றுவரை அதைப்பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இப்போது விட்டேன். மாமியாரைச் சமையலறையில் தனியாக நிறுத்தி, கையில் யோயோவைக் கொடுத்து, சிரிக்கவைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன். படித்துப் பார்த்தால் அந்தப் பொல்லாதவளை எனக்கே பிடித்துவிட்டது. அனுப்பியபிறகுதான் உறைத்தது. அம்மா வாரம் தவறாமல் அந்தப் பத்திரிகையைப் படிக்கிறவள். படிப்பதாக மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பத்திரிகை வெளிவந்த அன்று காலையிலேயே அம்மா வந்துவிட்டாள், அக்குளில் அந்த இதழோடு. கணவர் அவசர அவசரமாகக் குளிக்கப் போனார்.

"என்னைப் பத்தி எழுதியிருக்க."

"இல்லம்மா, அது கதை..."

"சும்மா புளுகாத. கதவிடுக்குல நீ நின்னதை நான் அன்னைக்கே பாத்தேன்டி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாத்துட்டுமா நிறுத்தாம விளையாடின?"

"நல்லா வந்துட்டிருந்துது. நடுவுல எப்படி விடுறது?" என்றாள் அம்மா, ஏதோ அடுப்பில் பால் வைத்திருந்தவள்போல.

மேசைமேல் போன் அடித்தது. ஆசிரியர். அவர் பேசினால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

"அம்மா, காலையிலேர்ந்து போன் ஓயல! அந்த மாமியாரைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. இப்போதைக்குக் கதையை முடிக்கிற பேச்சே வேணாம்!"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பறித்துக்கொண்டாள். "ஓ, முடிக்கிற பேச்சு வேற இருந்துதா?"

"நீங்க யாரு பேசுறது?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான்தான் அந்த மாமியார். இதை எழுதுறவளைப் பெத்தவ."

என் கண் குளமாகிவிட்டது. எதிர்முனையில் ஆசிரியர் என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவது கேட்டது. நான் கையை நீட்டினேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "அவ எழுதிட்டிருக்கா. அப்புறமா கூப்பிடுங்க."