அமுக்க அமுக்க மேலே வந்த கிண்ணம்

போங்ரே அக்காவை எங்கள் தீவில் குப்பைக்காரி என்பார்கள். சொல்கிற வாய் அழுகிப்போகட்டும். அலை தள்ளிய பிளாஸ்டிக் கேன், மிதவை, கூடை எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, பழைய கடற்பாசிக் கொட்டகையில் நாங்கள் நாலு பெண்கள் கழுவி, நிறம் பிரித்து, அரைத்து, உருக்கி, அச்சில் அழுத்திக் கிண்ணம் செய்கிறோம். சியோல்காரர்கள் அழகுக்கு வாங்கி வைக்கிறார்கள். ஆனால் அக்கா விடியுமுன் கரைக்கு ஓடியது கிண்ணத்துக்காக இல்லை. பாசி அறுக்கப் போன அவள் புருஷன் தூச்சிலின் படகு மட்டும் திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. அவர் பொருள் ஏதாவது ஒதுங்காதா என்று தேடினாள்.

எங்களில் வீட்டுக்கொரு குறி உண்டு. படகுத்துறையில் பொருள் மாறிவிடாமலிருக்கப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு வைப்போம். அக்கா வீட்டுக் குறி வட்டத்துக்குள் மூன்று கோடு. கிண்ணத்தில் எழுத்தோ குறியோ தெரிந்தால் சியோல் கடைக்காரி திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் அரைக்குமுன் கத்தியால் சீவிவிடுவோம். கை பழகியபின் கண் எங்கே பார்க்கிறது?

அன்று சிப்பி அப்பிய நீலத் துண்டுகளை அக்காதான் சீவினாள். அந்த நீலம் ஒரே ஒரு கனத்த கிண்ணத்துக்குத்தான் போதுமாக இருந்தது. கிண்ணம் ஆறிய பிறகு சீவலைக் கூட்டியவள், ஒன்றைக் கையிலெடுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏடி, இது எங்க வீட்டுக் குறிடி! படகுல தண்ணி இறைக்க நாந்தான் கேனை வெட்டிக் குடுத்தேன். நானே சீவித் தள்ளிட்டேனே, பாவி!"

உடல் கிடைக்காதவரின் ஆவியைக் கடலிலிருந்து மொண்டெடுக்க வேண்டும். பித்தளைக் கிண்ணத்தில் ஒரு பிடி அரிசி போட்டு, துணி சுற்றி, கயிற்றில் ஆழத்துக்கு இறக்குவார்கள். அரிசியில் ஒரு முடி வந்தால் ஆவி ஏறிவிட்டது, கல்லறை கட்டலாம், படையல் வைக்கலாம். வராவிட்டால் அவர் பசியோடு அலையவேண்டியதுதான். ஒருவருக்கு ஒரு தடவைதான் இறக்கலாம்.

சடங்கன்று அக்கா பூசாரியம்மாவிடம் அந்த நீலக் கிண்ணத்தை நீட்டினாள்.

"பித்தளைதான் வழக்கம்மா," என்றாள் பூசாரியம்மா.

"உங்க பித்தளைய அவருக்குத் தெரியுமா? இது அவரு கைபட்டது. ஓடி வந்து ஏறிக்குவாரு."

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

மேளம் கொட்ட இறக்கினார்கள். கிண்ணம் மிதந்தது. மிதக்கிற குப்பையைப் பொறுக்கியே பிழைக்கிறோம், எங்களில் ஒருத்திக்காவது தோன்றியதா? தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் அமுக்கினாள். கையெடுத்ததும் மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள்.

"இத்தன நாளா மேல வராத மனுசா, இப்ப அமுக்க அமுக்க வர்றியே! உள்ள போய்யா! போயி உன்னைக் கூட்டிக்கிட்டு வாய்யா!"

மேளம் நின்றுவிட்டது. நாங்கள் அவளைக் கரைக்கு இழுத்து வந்தோம். துணியை அவிழ்த்தோம். அரிசி ஊறியிருந்தது. முடி இல்லை.