கீழ்க்கட்டிலும் ஒரு கிராம்பும்

வளைகுடாவில், ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பில், எங்கள் அறையின் அடுக்குக் கட்டில்களில் கீழ்க்கட்டிலுக்குத்தான் அடிதடி. அது எனக்குக் கிடைத்த கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு முன் அதில் படுத்திருந்தவர் குழாய் பொருத்தும் பைப் பிட்டர் ஒருவர், வயதில் மூத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணிச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர், தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மாதிரியா வருது தம்பி. ஆம்புலன்ஸக் கூப்புடேன்."

சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. நெஞ்சைப் பிடித்திருந்தால் நம்பியிருப்பேன். தாடையல்லவா!

"பல்லுவலிக்கு ஆம்புலன்ஸாண்ணே? ஹெலிகாப்டரே சொல்லிருவமா?"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிரியாணியிலிருந்து ஒரு கிராம்பைப் பொறுக்கிக் கொடுத்தேன். அதை வாயில் அடக்கியபடியே செத்துப்போனார். மூன்றாம் நாள் என் தலையணை கீழே இறங்கியது.

அதன்பின் அறையில் யார் முனகினாலும் "கிராம்பு வேணுமா?" என்பது வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்தவர்களும் காரணம் தெரியாமலே கற்றுக்கொண்டார்கள்.

போன மாதம் காலையில் பல் தேய்க்கும்போது எனக்குத் தாடை வலித்தது. வாயில் நுரையோடு, "தாடை! தாடை!" என்று அலறிக்கொண்டு லுங்கியோடு வராந்தாவில் ஓடினேன். மாரடைப்புக்காரன் ஓடக் கூடாதாம். எனக்கு யார் சொன்னார்கள்? பின்னாலேயே, அந்த அண்ணன் செத்த பிறகு அறைக்கு வந்து சேர்ந்த வெல்டர் பையன் கத்தினான்: "கிராம்பு வேணுமாண்ணே?"

ஆம்புலன்ஸை நானேதான் கூப்பிட்டேன். வண்டியிலேயே நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்து, அதை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். போய் இறங்கும்போது கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நெஞ்சப் பொளந்துராதீங்க சார்," என்று அழுதேன்.

"மணிக்கட்டு வழியா ஒரு கம்பி, அவ்வளவுதான். ஆடாம படுங்க," என்றார் டாக்டர். அடைப்பு திறந்து ரத்தம் பாய்வதைத் திரையில் நானே பார்த்தேன். உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"தாடை வலிச்சாலும் இதுதான்னு இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களா சார்?"

"அது ரொம்ப காலமாத் தெரியும். இப்ப சீக்கிரமா சரிபண்ண முடியுது. ஆனா ஆள் வந்து சேரணுமே."



திரும்பி வந்தால் என் கட்டிலில் வெல்டர் கால் நீட்டிக் கிடக்கிறான்.

"வந்துட்டீங்களா? எனக்கும் தாடை வலிக்குதுண்ணே," என்று பிடித்துக் காட்டினான். அறையே சிரித்தது. நான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை இல்லை.

"எந்திரிடா. அது அண்ணன் கட்டில்," என்றேன்.

"எந்த அண்ணன்?" என்றான்.