சோறூணு இலையோரம் பிளாஸ்டிக் ஸ்பூன்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் சோறூணு. ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கு. எங்கள் பாறசாலைப் பக்கத்தில் வாழையிலையில் சோறும் பாயசமும் வைத்திருப்பார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விரல் நுனியால் தொட்டுப் பிள்ளையின் வாயில் வைக்க வேண்டும்.

அன்றைக்கு இலையோரம் ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் ஸ்பூன்! ஒருவர் ஊட்டிவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். அடுத்தவருக்குப் புது ஸ்பூன்.

என்ன விஷயம்? குழந்தையின் அம்மா சுனிதாவுக்கு எச்.ஐ.வி. உண்டு. (பெயரை மாற்றியிருக்கிறேன். "எழுதுங்க பெரியம்மா, எனக்க பேரு மட்டும் வேண்டாம்" என்று அவளே சொன்னாள்.) கர்ப்பத்திலேயே தெரிந்து, ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டவள். பிள்ளைக்கும் பிறந்த உடனே மருந்து கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி டெஸ்டெல்லாம் முடியும்வரை மாமியாருக்குப் பொறுக்குமா? முந்தின வாரம் மருமகள் இல்லாத நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபுக்குப் போய்விட்டார். அவசர டெஸ்ட். தாளில் 'பாசிட்டிவ்'. அப்புறம் என்ன... சொந்தபந்தம் முழுக்கப் போன்!

"லேபுகாரன் பொய்யா அடிச்சுத் தருவான்?" என்று சோறூணுக்கு வந்த கூட்டத்தின் நடுவே கேட்டார்.

சுனிதா மடியில் பிள்ளையோடு நிமிர்ந்தாள். "பொய்யில்ல மாமி. அவன் பாத்தது ஆன்டிபாடியாக்கும். கிருமியோட சண்டை போட எனக்க உடம்பு உண்டாக்கினது. வயித்துல கிடக்கும்போ பிள்ளைக்கும் போயிருக்கு. கிருமி உண்டான்னு பாக்கிற டெஸ்ட் வேற. ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை எடுத்தாச்சு. ரெண்டு வட்டமும் இல்லன்னுதான் வந்துது."

"பின்னே இந்தத் தாளு எப்போ மாறும்?" என்றார் மாமியார்.

"அந்த ஆன்டிபாடி கொஞ்சங்கொஞ்சமா தானே போயிரும். ஒன்றரை வயசுல கடைசி டெஸ்ட்."

"அப்போ ஒன்றரை வயசு வரை ஸ்பூனே போரும்!"

சிலர் சிரித்தார்கள்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் — அதனால்தானே வாராவாரம் உங்களோடு எழுத்தில் பேசுகிறேன்? ஆனால் அந்தச் சிரிப்பு என்னை எழுப்பி விட்டுவிட்டது. ஸ்பூனை நீட்டினார்கள். வாங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, சோற்றில் பாயசம் விட்டுக் குழைத்து, விரலால் ஊட்டினேன். ஈறால் ஒரு கடி கடித்தான், கள்ளன்!

"அக்கா, பயமில்லியா?" என்றார் மாமியார்.

"உண்டு. இந்தக் கூட்டத்தைக் கண்டு! பிள்ளையைக் கண்டு என்னத்துக்குப் பயம்? கிருமியே இருந்தாலும் சோறு ஊட்டினா பரவாது, கேட்டியா?"

குரல் நடுங்கியது. நடுங்கட்டுமே, சொல்லிவிட்டேன் அல்லவா?

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்து வந்த பிள்ளையின் சித்தி, கையில் எடுத்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு விரலை நீட்டினாள்.

கடைசி டெஸ்டுக்கு இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம். ஒரு வாய்ச் சோற்றுக்கு ஏன் பொறுக்கணும்?