லைட்டு மேடம் குணசுந்தரி

போன மாதம் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ராமலிங்கத்திடமிருந்து போன் வந்தது. "உங்க லைட்டு மேடம் காலைல போயிட்டாங்க சார்" என்றார். சொந்த மனைவியை அவர் அலுவலகப் பெயரால் சொன்னதைக் கேட்டதும்தான் எனக்குக் கண் கலங்கியது. பழத்தை அப்படியே வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் கட்டடப் பிரிவில் குணசுந்தரியும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள். நான் சிவில், கட்டடம் வரைவேன். அவர் எலக்ட்ரிகல்; நான் வரைந்ததற்குள் வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்று முடிவு செய்வார். அவரிடம் கையெழுத்து வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களோடு வேலை பார்த்த உங்களில் பலருக்குத் தெரியும்.

ஒரு பயிற்சிக் கூடத்துக்கு மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி வைத்து வரைந்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். குணசுந்தரி மட்டும் வரைபடத்தைத் திருப்பி என் மேஜைமேல் வைத்தார். எங்கள் அலுவலகத்திலேயே மேற்குப் பக்கம் கண்ணாடி போட்ட அறை ஒன்று இருந்தது. "அந்த ரூம்ல மூணுலேருந்து நாலு வரைக்கும் உக்காந்துட்டு வாங்க சார். அப்புறமும் இதுதான் வேணும்னா கையெழுத்து போடறேன்" என்றார். அது சித்திரை மாதம்.

கோபத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். வெயிலுக்குத் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். திரை போட்டதால் இருட்டு. அதனால் எல்லா டியூப் லைட்டும் எரிந்தன. ஏசியும் ஓடியது, ஆனாலும் கண்ணாடிப் பக்கம் அனல் அடித்தது. திரையை விலக்கினேன், கையிலிருந்த காகிதத்தைப் படிக்க முடியாமல் கண் கூசியது. அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். "பாத்தீங்களா சார்? ஒரு ஜன்னலு வெச்சிட்டு திரை, லைட்டு, ஏசின்னு மூணுத்தை வேலை வாங்கறோம்" என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, வடக்குச் சுவரில் உயரமான ஜன்னல்கள் வைத்து மறுபடி வரைந்தேன். அந்தக் கூடத்தில் இன்றும் பகலில் விளக்குப் போடுவதில்லை.

ஒருமுறை கான்ட்ராக்டர் ஒருவர், "கரண்டு தயாரிக்கிற ஊருல உக்காந்துகினு கரண்டை மிச்சம் புடிக்கிறீங்களே மேடம்" என்று சிரித்தார். குணசுந்தரி சிரிக்கவில்லை. "எங்கப்பா மல்லாட்டை போட்ட நெலம் இப்ப சுரங்கத்துக்குள்ள இருக்குதுங்க. அந்த மண்ண வெட்டித்தான் இந்த லைட்டு எரியுது. ஆளில்லாத ரூம்ல எரிஞ்சா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது" என்றார். அத்தனை வருடம் கூட வேலை பார்த்தும், அந்த நிலத்தைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. பெண்கள் நடத்திய தையல் கூடம் ஒன்றில் அவர் பாதி விளக்குகளைக் குறைத்தார். வெளிச்சம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து, போதும் என்றார். வள்ளி என்ற தையற்காரர் விடவில்லை. "உங்க மீட்டருக்குத் தெரியும்மா. எனக்கு ஊசிக்காது தெரியலீங்களே. இப்படியே இருந்தா நாங்க வூட்டுலயே தெச்சிக்கிறோம்."

குணசுந்தரி வாதாடினார். பிறகு வள்ளியின் இடத்தில் உட்கார்ந்து, கருநீல யூனிபார்ம் துணியில் கருப்பு நூல் ஓட்டிப் பார்த்தார். தையல் கோணிக்கொண்டு போயிற்று. எல்லார் முன்னாலும், "நீங்க சொன்னதுதாங்க சரி. என் மேலதான் தப்பு" என்றார். ஒவ்வொரு மிஷினுக்கும் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மெலிந்து, நேராக மல்லாந்து படுத்திருந்தார். முகத்துக்கு நேர் மேலே விளக்கு. நான் போய் அதை அணைத்தேன். அதன் பிறகுதான் கண்ணைத் திறந்து கேட்டார்: "முத்தாண்டிக்குப்பம் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துக்கு லைட்டு போட்டுக் குடுத்தேனே, ஞாபகம் இருக்குதா சார்? அங்கயும் கட்டிலுக்கு மேலதான் வெச்சிருக்கேன். படுத்துக்கினு இருக்கிறவங்களுக்குப் போடற லைட்ட, நான் படுத்துப் பாக்கவே இல்ல. கொஞ்சம் மாத்திடுங்க சார்."

ஆகட்டும் என்றேன். நான் அந்த இல்லத்துக்குப் போவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனேன். காலியாக இருந்த கட்டிலில் படுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி; கண்ணைத் திறக்க முடியவில்லை. விளக்குகளைத் தலைமாட்டுச் சுவருக்கு மாற்றி, வெளிச்சம் மேல்நோக்கிப் போகும்படி திருப்பினோம். பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருவர் கேட்டார், "நல்லா எரிஞ்சிக்கினு இருந்ததை எதுக்குப்பா கழட்டறீங்க?"

"இதை வெச்சவங்கதான் மாத்தச் சொன்னாங்க ஐயா."

கண் கூசாமலிருக்க முகத்துக்கு மேல் குறுக்கே வைத்திருந்த கையைப் பெரியவர் எடுத்துக் கீழே போட்டார். பிறகு, "நாங்க யாரும் குறை சொல்லலியே" என்றார்.

யாரும் குறை சொல்லாதபோதும் தன் வேலையைத் திரும்பப் பார்த்தவர் குணசுந்தரி. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். நான் வரைந்த கட்டடங்கள் இந்த ஊரில் நிறைய நிற்கின்றன. நாளைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கப் போகிறேன்.